ஊர் ஏர்போர்ட், சாவி யார்கிட்ட?

நம்ம ஊர்ல நகராட்சிக்குச் சொந்தமா என்னென்ன இருக்கும்? பஸ் ஸ்டாண்டு, காய்கறி மார்க்கெட், ஒரு பூங்கா, அதுல பாதி உடைஞ்ச சறுக்குமரம். நகராட்சிக்கு ஒரு ஏர்போர்ட் இருக்குன்னு யாராவது சொன்னா சிரிப்போம். இங்க ஏர்போர்ட்டுன்னா மத்திய அரசு, இல்லைன்னா பெரிய கம்பெனி.

அமெரிக்காவுல இது சர்வ சாதாரணம். நம்ம நகராட்சி பஸ் ஸ்டாண்டு மாதிரி அங்க நகராட்சி ஏர்போர்ட். சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் ஒண்ணு இருக்கும். ஒரே ஒரு ரன்வே, நாலைஞ்சு ஷெட்டு, விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்கற ஒரு பள்ளி, பணக்காரங்க நிறுத்தி வெச்சிருக்கற சில ஜெட்டுகள். அவ்வளவுதான்.

நான் கொஞ்சம் ஏரோபிளேன் பைத்தியம். அதனால இந்தச் சின்ன ஏர்போர்ட்டுகளோட கதைகளைத் தேடித் தேடிப் படிக்கறது வழக்கம். அதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது கலிஃபோர்னியாவில் இருக்கற சான்டா மோனிகா ஏர்போர்ட். ஊரே காசு போட்டு வாங்கின நிலம். அதை மூடணும்னு அந்த ஊர் 1981-லேயே முடிவு பண்ணிடுச்சு. மூடற உரிமை கையில வர்றது 2028 டிசம்பர் 31-க்கு அப்புறம்தான். நாற்பத்தேழு வருஷம்! சொந்தச் சொத்தைப் பூட்டறதுக்கு ஒரு ஊர் ஏன் இவ்வளவு நாள் காத்திருக்கணும்? அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

க்ளோவர் ஃபீல்டு

லாஸ் ஏஞ்சலஸுக்கு மேற்கே, கடலை ஒட்டி இருக்கற சின்ன ஊர் சான்டா மோனிகா. ஏர்போர்ட் இருக்கற இடம் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். முதல் உலகப் போர் காலத்துல வயலா கிடந்த அந்த நிலத்துல சின்ன விமானங்கள் வந்து இறங்க ஆரம்பிச்சுது. 1923-ல் அதுக்கு 'க்ளோவர் ஃபீல்டு'ன்னு பேர் வெச்சாங்க. முதல் உலகப் போரில் உயிர்விட்ட க்ரேயர் க்ளோவர்ங்கற இளம் விமானியின் பெயர் அது.

1924 மார்ச்ல இங்கேயிருந்து நாலு விமானங்கள் கிளம்பிச்சு. டக்ளஸ் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்காகச் செஞ்சது. உலகத்தையே சுத்தி வர்றதுதான் திட்டம். அதிகாரபூர்வமான பயணம் ஏப்ரல் 6-ஆம் தேதி சியாட்டிலில் தொடங்கி, செப்டம்பர் 28-ஆம் தேதி அங்கேயே முடிஞ்சுது. 175 நாள்! நாலுல ரெண்டுதான் முழுசா சுத்தி வந்துச்சு. ஒண்ணு அலாஸ்காவில் மலையில மோதிச்சு, இன்னொண்ணு அட்லாண்டிக்கில் மூழ்கிச்சு. நமக்கு இதுல ஒரு ஒட்டு உறவு இருக்கு. கல்கத்தாவில் இறங்கி, தண்ணியில மிதக்கற மிதவைகளைக் கழட்டிட்டு சக்கரம் மாட்டிக்கிட்டு, அலகாபாத், அம்பாலா, முல்தான், கராச்சின்னு போயிருக்காங்க.

அந்த விமானங்களைச் செஞ்ச இடம், வில்ஷயர் பூல்வார்டில் யாரோ சினிமா எடுத்துட்டு விட்டுப்போன ஒரு பழைய ஸ்டூடியோ. இன்னிக்கு அந்த இடம் ஒரு பூங்கா. பேரு டக்ளஸ் பார்க். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

1926-ல் ஊர்மக்கள் வாக்களிச்சு, பத்திரம் போட்டு நிதி திரட்டி, அந்த நிலத்தை ஊருக்காக வாங்கினாங்க. அந்தப் பத்திரம் பூங்காவுக்கான பத்திரம்ங்கறது இன்னொரு சுவாரஸ்யம். கொஞ்ச நாள்ல டக்ளஸ் கம்பெனியும் ஏர்போர்ட் பக்கத்துக்கே தொழிற்சாலையை மாத்திக்கிச்சு. ஊருக்கு வேலை, கம்பெனிக்கு ரன்வே. ரெண்டு பேருக்கும் லாபம்.

டகோட்டாவின் பிறந்த வீடு

1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து சரியா 32 வருஷம் ஆன நாள். அன்னிக்கு இந்த ரன்வேயிலிருந்துதான் டிசி-3 விமானம் முதல் தடவையா மேலே எழும்பிச்சு.

டிசி-3-ன்னா தெரியாதவங்களுக்கும் 'டகோட்டா'ன்னா தெரியும். நம்ம தாத்தா தலைமுறைக்கு விமானம்னாலே டகோட்டாதான். 1947 அக்டோபர் 27-ஆம் தேதி காஷ்மீருக்குப் படைகளைக் கொண்டுபோய் ஸ்ரீநகரில் இறக்கினது டகோட்டா. அதே வருஷம் டிசம்பர்ல ஏர் சிலோன் தன்னோட முதல் விமானத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியா சென்னைக்கு விட்டுச்சே, அதுவும் டகோட்டா. போருக்காகச் செஞ்ச டகோட்டாக்களில் பெரும்பாலானது லாங் பீச், ஓக்லஹோமா தொழிற்சாலைகள்ல செஞ்சதுதான். ஆனா பிறந்த வீடுன்னு கேட்டா சான்டா மோனிகாதான்.

ரெண்டாம் உலகப் போர் வந்ததும் ஊரே தலைகீழா மாறிப்போச்சு. போர் உச்சத்துல டக்ளஸ் தொழிற்சாலையில் மூணு ஷிஃப்டுல சுமார் 44,000 பேர் வேலை பார்த்திருக்காங்க. ஜப்பான்காரன் குண்டு போட்டுடுவானோன்னு பயந்து, தொழிற்சாலையையும் ரன்வேயையும் மறைச்சாங்க பாருங்க, அது தனிக் கதை. கம்பம் நட்டு, அதுமேல கோழிக்கூண்டுக் கம்பிவலையைக் கூரையா போர்த்தி, அந்தக் கூரை மேல போலி வீடுகள், போலி மரங்கள், போலித் தெருக்கள். வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் செட் போடறவங்க கூட வந்து உதவி பண்ணினாங்க. மேலேயிருந்து பார்த்தா ஒரு குடியிருப்பு மாதிரியே தெரியும். நம்ம விட்டலாச்சார்யா பார்த்திருந்தா அசந்து போயிருப்பார் :-)

நிஜ வீடுகளும் அப்பதான் வந்துச்சு. அத்தனை ஆயிரம் தொழிலாளிகள் எங்க தங்குவாங்க? ஏர்போர்ட்டைச் சுத்தி சன்செட் பார்க் பக்கமெல்லாம் சின்னச் சின்ன வீடுகள் எழும்பிச்சு. ரன்வேயின் ரெண்டு முனையிலயும் வீடு. சில நூறு அடி தள்ளி வீடு.

இந்த விஷயத்தை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சின்ன ஏர்போர்ட் சண்டைன்னு வந்தா உடனே ஒரு வாதம் வரும்: "ஏர்போர்ட் இருக்குன்னு தெரிஞ்சுதானே வீடு வாங்கினே? இப்ப சத்தம்னு அழுதா?" கேட்கறதுக்கு நியாயமா இருக்கும். ஆனா இங்க அந்த வாதம் பாதிதான் நிக்கும். அந்த வீடுகள் ஏர்போர்ட்டை எதிர்த்து வந்தது இல்ல, ஏர்போர்ட்டுக்காக வந்தது. அதுல குடியிருந்தவங்க அந்த விமானங்களை ஆணி அடிச்சு உருவாக்கினவங்க. அவங்க வாங்கினப்ப அங்க பறந்தது ப்ரொப்பல்லர் விமானம். ஜெட்டுங்கறதே அப்புறம் வந்தது. வீட்டுக்குப் பக்கத்துல சைக்கிள் கடை இருக்குன்னு தெரிஞ்சு குடிபோனவன்கிட்ட, இருபது வருஷம் கழிச்சு அதே இடத்துல லாரி பட்டறை வந்தா, "தெரிஞ்சுதானே வந்தே"ன்னு கேட்க முடியுமா?

ஜெட்டு வந்தது, டக்ளஸ் போனது

ஜெட் காலம் வந்ததும் டக்ளஸுக்கு டிசி-8 செய்யணும். அதுக்கு நீளமான ரன்வே வேணும். ரன்வேயை நீட்டணும்னா வீடுகளை இடிக்கணும். ஊர் சம்மதிக்கல. டிசி-8 லாங் பீச்சுக்குப் போச்சு. 1970-கள்ல சான்டா மோனிகா தொழிற்சாலையையும் மூடிட்டாங்க.

இதுதான் கதையின் முக்கியமான திருப்பம். அதுவரைக்கும் அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. மேல பறக்கற விமானம்தான் கீழ இருக்கற வீட்டுக்குச் சோறு போட்டுச்சு. தொழிற்சாலை போனதுக்கு அப்புறம் சத்தம் மட்டும் மிச்சம். அதுவும் யாரோ ஒரு பெரிய மனுஷன் மீட்டிங்குக்குப் போற தனி ஜெட்டோட சத்தம். தன் வீட்டுக் குழந்தை அழுதா தாலாட்டுவோம், எதிர்வீட்டு ரேடியோ அலறினா கோபம் வரும். அது மனுஷ சுபாவம்.

அப்புறம் நடந்தது எல்லாம் வழக்குதான். ஜெட் சத்தம்னு குடியிருப்பவங்க ஊர் நிர்வாகத்து மேலேயே வழக்குப் போட்டாங்க. 1975-ல் ஊர் ஜெட்டுகளுக்குத் தடை போட்டுச்சு. 1979-ல் கோர்ட் அது செல்லாதுன்னுடுச்சு. 1981-ல் மூடிடலாம்னு நகர மன்றம் தீர்மானம் போட்டுச்சு. உடனே எஃப்.ஏ.ஏ., அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கவனிக்கற மத்திய நிர்வாகம், குறுக்கே வந்துச்சு. 1984-ல் ஒரு உடன்பாடு: 2015 ஜூலை 1 வரைக்கும் நடத்தணும், அதுக்குப் பதிலா 95 டெசிபல் சத்த வரம்பு வெச்சுக்கலாம், ராத்திரி 11 மணியிலிருந்து கிளம்பறதுக்குத் தடை.

சரி, 2015 வந்தா முடிஞ்சுதுன்னு நினைக்கறீங்களா? அங்கதான் சாவி விஷயம் வருது.

சாவி யார்கிட்ட?

போர்க்காலத்துல மத்திய அரசு இந்த ஏர்போர்ட்டைக் குத்தகைக்கு எடுத்துச்சு. போர் முடிஞ்சு 1948-ல் திருப்பிக் கொடுத்தப்ப, பத்திரத்துல ஒரு வரி சேர்த்தாங்க: இதை எப்பவும் ஏர்போர்ட்டாகவே நடத்தணும், இல்லைன்னா நிலம் மத்திய அரசுக்குப் போயிடும். ஊர் காசு போட்டு வாங்கின நிலம், குத்தகைக்கு விட்டுத் திரும்ப வாங்கறப்ப நிபந்தனையோட வருது! நம்ம ஊர்ல வீட்டை வாடகைக்கு விட்டு, காலி பண்றப்ப வாடகைக்காரர் "இனிமே இந்த வீட்டுல சமையலறையை இடிக்கக்கூடாது"ன்னு எழுதி வாங்கிட்டுப் போற மாதிரி.

ரெண்டாவது பூட்டு மானியம். மத்திய அரசு சின்ன ஏர்போர்ட்டுகளுக்கு ரன்வே போட, வேலி போட மானியம் கொடுக்கும். வாங்கினா 20 வருஷம் ஏர்போர்ட்டை நடத்தணும்ங்கறது நிபந்தனை. சான்டா மோனிகா 1994-ல் சுமார் 16 லட்சம் டாலர் வாங்கிச்சு. கணக்குப்படி 2014-ல் முடியணும். ஆனா 2003-ல் அதே மானியத்தோட கூடுதலா சுமார் 2.4 லட்சம் டாலர் வாங்கிட்டாங்க. எஃப்.ஏ.ஏ. என்ன சொல்லிச்சு தெரியுமா? அந்தக் கூடுதல் தொகையிலிருந்து புதுசா 20 வருஷம் எண்ணணும், 2023 வரைக்கும் நீங்க கட்டுப்பட்டவங்கன்னு.

ரெண்டரை லட்சம் டாலர் கூட இல்ல. அந்த ஊர்ல அந்தக் காசுக்கு ஒரு படுக்கையறை ஃப்ளாட் கூட வாங்க முடியாது. அதுக்காக 227 ஏக்கர் மேல ஒன்பது வருஷ உரிமைச் சண்டை. 227 ஏக்கர்ங்கறது அந்த ஊரோட மொத்தப் பரப்புல சுமார் 4 சதவீதம்.

இதுதான் நான் சொல்ல வர்றது. சொத்து யார் பேர்ல இருக்குங்கறது ஒரு கேள்வி. அதை என்ன பண்ணலாம்னு முடிவு பண்ற உரிமை யார்கிட்ட இருக்குங்கறது வேற கேள்வி. உள்ளாட்சி அமைப்புகள் எப்பவும் காசுக்குத் திண்டாடும். மேலேயிருந்து யாராவது பணம் கொடுத்தா கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கும். அந்தக் கையெழுத்தைப் போட்டவர் அஞ்சு வருஷத்துல பதவி முடிஞ்சு போயிடுவார். நிபந்தனை மட்டும் அவர் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கும். இது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தற விஷயம்னு எனக்குத் தோணல.

ஓட்டு

2014 நவம்பர்ல ஊர்ல ஓட்டெடுப்பு. ரெண்டு தீர்மானம் எதிரெதிரா. ஒண்ணு விமானத் தொழில்காரங்க பின்னாலிருந்து கொண்டுவந்தது: வாக்காளர் சம்மதம் இல்லாம ஏர்போர்ட்டை மூடக்கூடாது. இன்னொண்ணு நகர மன்றம் கொண்டுவந்தது: மூடறதை மன்றம் முடிவு பண்ணலாம், ஆனா மூடின அப்புறம் அந்த நிலத்துல பூங்கா, திறந்தவெளி, விளையாட்டு மைதானம் தவிர வேற எதுவும் வரணும்னா மக்களைக் கேட்கணும். முதலாவது தோத்துச்சு. ரெண்டாவது சுமார் 60 சதவீத ஆதரவோட ஜெயிச்சுது.

அப்புறமும் வழக்கு ஓடிச்சு. கடைசியில 2017 ஜனவரி 28, ஒரு சனிக்கிழமை, ஊரும் எஃப்.ஏ.ஏ.வும் சமரசத்துக்கு வந்தாங்க. 2028 டிசம்பர் 31 வரைக்கும் ஏர்போர்ட் நடக்கணும். அதுக்கு அப்புறம் மூடறதா வேண்டாமான்னு ஊர் முடிவு பண்ணிக்கலாம். அதுவரைக்கும் ரன்வேயை 4,973 அடியிலிருந்து 3,500 அடியா குறைச்சுக்கலாம். நகர மன்றத்துல 4-க்கு 3 ஓட்டு, மயிரிழையில தப்பிச்சுது. ரெண்டு பக்கமும் திட்டினாங்க. விமானக்காரங்க "வித்துட்டாங்க"ன்னாங்க, எதிர்ப்பாளர்கள் "இன்னும் பன்னெண்டு வருஷமா?"ன்னாங்க. அந்த வருஷக் கடைசியிலேயே ரன்வேயைச் சுருக்கிட்டாங்க. பெரிய ஜெட்டுகள் நிறைய அங்க வர்றது நின்னு போச்சு.

ராத்திரி வந்த புல்டோசர்

இதையே வேற மாதிரி செஞ்ச ஊரும் இருக்கு. சிகாகோ.

கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடினவங்களுக்கு மெய்க்ஸ் ஃபீல்டு ஞாபகம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் பழைய பதிப்புகளைத் திறந்தா உங்க விமானம் நிக்கற இடம் அதுதான். இடது பக்கம் சிகாகோவின் உயரமான கட்டடங்கள், வலது பக்கம் மிச்சிகன் ஏரி. நானெல்லாம் அந்த ஏரியில எத்தனை தடவை விழுந்திருப்பேன்னு கணக்கே இல்ல. 1948-ல் திறந்த ஏர்போர்ட். ஏரிக்குள்ள மண்ணைக் கொட்டி உருவாக்கின நிலம். 1909-ல் டேனியல் பர்னம் போட்ட நகரத் திட்டத்துல ஏரிக்கரையெல்லாம் மக்களுக்குப் பூங்கான்னுதான் இருந்துச்சு.

நிலம் பூங்கா வாரியத்துக்குச் சொந்தம், நகரம் குத்தகைக்கு எடுத்து ஏர்போர்ட் நடத்திச்சு. 1996-ல் குத்தகை முடிஞ்சதும் மேயர் ரிச்சர்ட் டேலி மூடினார். மாநில அரசு தலையிட்டு 1997-ல் திறக்க வெச்சுது. 2001-ல் மேயரும் கவர்னரும் இன்னும் 25 வருஷம் நடத்தலாம்னு ஒப்பந்தம் போட்டாங்க. அதை உறுதிப்படுத்த வேண்டிய மத்திய சட்டம் செனட்டைத் தாண்டல.

2003 மார்ச் 30, ஞாயிறு ராத்திரி. போலீஸ் காவலோட புல்டோசர்கள் வந்துச்சு. ரன்வே நடுவுல பெரிய பெரிய எக்ஸ் வடிவத்துல ஆறு இடத்துல தோண்டிப் போட்டுட்டாங்க. காலையில ஊர் எழுந்திரிச்சப்ப ஏர்போர்ட் செத்துக் கிடந்துச்சு. யாருக்கும் நோட்டீஸ் இல்ல. நிறுத்தி வெச்சிருந்த 16 விமானங்கள் மாட்டிக்கிச்சு. சில நாள் கழிச்சு, டாக்ஸி போற பாதையையே ரன்வேயா வெச்சு அதுகளைக் கிளப்பி விட்டாங்க. 2001 தாக்குதலுக்கு அப்புறம் நகரத்துக்கு நடுவுல விமானம் பறக்கறது ஆபத்துன்னு மேயர் காரணம் சொன்னார்.

தண்டனை? 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும்ங்கறது விதி. மீறினா நாளுக்கு 1,100 டாலர். ஆக மொத்தம் 33,000 டாலர் அபராதம். அதோட, தப்பா செலவழிச்ச விமான நிலைய மானிய நிதி 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்ட 2006-ல் நகரம் ஒத்துக்கிச்சு. அவ்வளவுதான். நாளுக்கு 10,000 டாலர்னு அபராதத்தை அப்புறம் உயர்த்தினாங்க. கோழி திருடு போனப்புறம் கூண்டைப் பூட்டின கதை.

இன்னிக்கு அங்க பூங்கா இருக்கு. புல்வெளி, குளம், பறவைகள். நல்லாத்தான் இருக்கு.

எது சரி?

கணக்குப் பார்த்தா சிகாகோ ஜெயிச்ச மாதிரி தெரியும். ஒரே ராத்திரி, 10 லட்சத்துச் சொச்சம் டாலர், பூங்கா ரெடி. சான்டா மோனிகா வக்கீல்களுக்கே எவ்வளவு கொட்டியிருக்கும்! பேசாம அவங்களும் ரெண்டு புல்டோசர் வாடகைக்கு எடுத்திருக்கலாமேன்னு தோணுதா? எனக்கும் ஒரு நிமிஷம் தோணிச்சு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு ராத்திரி சிகாகோவில் தோண்டினது ரன்வே மட்டும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னால தானே போட்ட கையெழுத்தையும் சேர்த்துத்தான் மேயர் தோண்டினார். பூங்காவுக்காக ராத்திரி வர்ற புல்டோசர் நமக்குப் பிடிக்கும். அதே புல்டோசர் நாளைக்கு ஒரு குடிசைப் பகுதிக்கோ, ஒரு மார்க்கெட்டுக்கோ, ஒரு ஏரிக்கோ வந்தா? "நல்ல காரியத்துக்குத்தான்"ன்னு அப்பவும் ஒருத்தர் சொல்வார். புல்டோசர் ஓட்டறவங்க எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க. நம்ம நாட்டுல இருக்கறவங்களுக்கு இதை நான் விளக்கணுமா என்ன?

சான்டா மோனிகாவின் வழியில ஒரு மரியாதை இருக்கு. மக்கள் ஓட்டுப் போட்டாங்க. எதிர்க்கட்சிக்குக் கோர்ட்ல பேச இடம் கிடைச்சுது. விமானம் வெச்சிருக்கறவர், பயிற்சிப் பள்ளி நடத்தறவர், ஷெட்டுல மெக்கானிக்கா இருக்கறவர் எல்லாருக்கும் பன்னெண்டு வருஷ அவகாசம் கிடைச்சுது. அவங்களும் மனுஷங்கதானே? இந்த ஏர்போர்ட்டை 'பணக்காரன் பொம்மை'ன்னு ஒரே வார்த்தையில தள்ளிடறவங்களும் எனக்கு ஒப்புதல் இல்ல. தூரத்து ஊர் நோயாளிகளைக் காசு வாங்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற தன்னார்வ விமானிகளின் ஏஞ்சல் ஃப்ளைட் வெஸ்ட் அமைப்பு தலைமையகம் வெச்சிருந்தது இந்த ஏர்போர்ட்லதான்.

அதுக்காக அந்த மரியாதைக்கு விலையே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். விலை இருக்கு. அதைக் கொடுத்தது வேற ஆட்கள்.

சின்ன பிஸ்டன் விமானங்கள் காலங்காலமா ஈயம் கலந்த பெட்ரோல்ல ஓடுது. அமெரிக்காவுல காருக்கு அந்தப் பெட்ரோலை 1996-லேயே தடை பண்ணிட்டாங்க. விமானத்துக்குத் தடை இல்ல. அந்த ஈயம் மக்களுக்கு ஆபத்துன்னு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம் அதிகாரபூர்வமா சொன்னதே 2023 அக்டோபர்லதான். சான் ஹோசேயில், நம்ம ஆட்கள் நிறைய இருக்கற ஊர்ல, ரீட்-ஹில்வியூன்னு இதே மாதிரி ஒரு சின்ன ஏர்போர்ட். அங்க ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல வளர்ற குழந்தைகள் ரத்தத்துல ஈயம் அதிகமா இருக்குன்னு 2021-ல் ஒரு ஆய்வு சொல்லிச்சு. 2022 ஜனவரியிலிருந்து அங்க ஈயப் பெட்ரோல் விற்கறதையே மாவட்ட நிர்வாகம் நிறுத்திச்சு.

சான்டா மோனிகாவில் இன்னொரு கொடுமை. காத்து பெரும்பாலும் கடல்லேர்ந்து வீசும். அதனால விமானங்கள் கிழக்கு முனையில நின்னு, எஞ்சினை ஓடவிட்டுட்டு, மேற்கே பார்த்துக் கிளம்பும். நிக்கற நேரத்துல வர்ற புகையெல்லாம் கிழக்கே இருக்கற வீடுகளுக்குப் போகும். அந்த வீடுகள் சான்டா மோனிகா எல்லைக்குள்ளயே இல்ல, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துல இருக்கு. 2014 ஓட்டெடுப்புல அவங்களுக்கு ஓட்டு கிடையாது. 'ஊருக்குச் சொந்தம்'னா எந்த ஊருக்கு? புகையைச் சுவாசிக்கறவங்க அந்த 'ஊர்'ல சேர்த்தியா இல்லையா? இதுக்கு எந்த ஒப்பந்தத்துலயும் பதில் இல்ல.

ஆபத்தும் நிஜம்தான். 2013 செப்டம்பர்ல ஒரு ஜெட் இறங்கி, ரன்வேயை விட்டு விலகி ஷெட்டுல மோதி எரிஞ்சு நாலு பேர் செத்தாங்க. 2015 மார்ச்ல நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டின பழைய போர்க்கால விமானம் கிளம்பின உடனே எஞ்சின் நின்னுபோய், பக்கத்து கோல்ஃப் மைதானத்துல விழுந்துச்சு. அவர் பிழைச்சார். மைதானத்தைத் தாண்டினா வீடுகள்தான்.

அதனால என் கருத்து இது. மூடறது சரி. ஜெட்டுக்கு 6 மைல்ல லாஸ் ஏஞ்சலஸ் பெரிய ஏர்போர்ட் இருக்கு, வேற சின்ன ஏர்போர்ட்டுகளும் இருக்கு. வீட்டுக்கு நடுவுல ரன்வே வெச்சுக்கறதுக்கு இருந்த காரணம் டக்ளஸ் தொழிற்சாலையோட போயிடுச்சு. பகல் வெளிச்சத்துல, ஓட்டுப் போட்டு மூடறதும் சரி. ஆனா இந்தத் தாமதத்தை நியாயம்னு கொண்டாட வேண்டாம். நாற்பத்தேழு வருஷ தாமதத்துக்குக் காரணம் ஜனநாயகம் இல்ல. யாரும் சரியா படிக்காம போட்ட கையெழுத்துகள்.

மூடின அப்புறம்?

உண்மையான சோதனை இனிமேதான். கடலுக்கு 3 கிலோமீட்டர்ல 227 ஏக்கர். உலகத்துலேயே விலை உயர்ந்த மண்ணுல ஒண்ணு. பூங்கா போடணும்னு ஒரு கூட்டம். வாடகை கொடுக்க முடியாம ஜனங்க தெருவுல படுத்திருக்கற ஊர்ல இத்தனை பெரிய புல்வெளி எதுக்கு, வீடு கட்டுங்கன்னு இன்னொரு கூட்டம். ரெண்டாவது கூட்டத்தை என்னால சுலபமா ஒதுக்க முடியல. ரன்வே ஓரத்துல அன்னிக்கு வந்த வீடுகள் தொழிலாளிக்காக வந்தவை. இன்னிக்கு அதே வீட்டை ஒரு ஆலைத் தொழிலாளி வாங்கணும்னா ஏழு ஜன்மம் வேணும்.

என்னைக் கேட்டா, பெரும்பகுதி பூங்கா, ஒரு ஓரத்துல ஊர் கையிலேயே இருக்கற குறைந்த வாடகை வீடுகள். ஊர் கையிலேயே இருக்கறங்கறதுதான் முக்கியம். பூங்காவோ வீடோ, ஒரு சென்ட் நிலம் கூட விற்கக்கூடாது. வேணும்னா மறுபடி ஓட்டெடுப்பு வெச்சு மக்களைக் கேட்கட்டும், 2014 தீர்மானமே அதுக்கு வழி வெச்சிருக்கு.

விமானம் செஞ்ச இடம் பூங்காவா மாறறது அந்த ஊருக்குப் புதுசு இல்ல, டக்ளஸ் பார்க்கே சாட்சி. குழந்தைங்க சறுக்கி விளையாடற அந்த இடத்துலதான் உலகத்தைச் சுத்தின விமானத்துக்கு ஆணி அடிச்சாங்க. ரன்வேயிலயும் அப்படியே ஒரு துண்டை மட்டும் விட்டு வெச்சா போதும், டகோட்டா முதல்ல எழும்பின இடம்னு ஒரு கல்லோட.

அப்புறம் நகர மன்றத்துல உட்காரப் போறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பூங்காவுக்கு மானியம்னு யாராவது செக்கை நீட்டினா, வாங்கறதுக்கு முன்னாடி கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுப் பாருங்க சாமிகளா.